விரலுக்கு விலை உண்டு; வேலைக்குச் சான்று இல்லை

புதுதில்லி: மகாராஷ்டிர மாநிலம் உஸ்மானாபாத் மாவட்டத்தில் சர்க்கரை ஆலை ஒன்றின் காவலாளி, 2003ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் தேதி அதிகாலை மூன்று மணிப் பணிக்காக மோட்டார் சைக்கிளில் சென்றுகொண்டிருந்தார். ஆலையை அடைய இன்னும் ஐந்து கிலோமீட்டர் இருந்த நிலையில் விபத்தில் சிக்கி உயிரிழந்தார். தாய், மனைவி, நான்கு குழந்தைகள் என ஆறு பேர் அவரது ஊதியத்தை நம்பியிருந்தனர். அவர்களுக்கு இழப்பீடு உண்டு என்று உச்சநீதிமன்றம் இறுதியாகத் தீர்ப்பளித்த நாள் 2025 ஜூலை 28. இடைப்பட்ட காலம் 22 ஆண்டுகள், மூன்று மாதங்கள்.

வழக்கின் போக்கு சிக்கலானது அன்று. தொழிலாளர் இழப்பீட்டு ஆணையர் 2009 ஜூன் மாதம் ரூ.3,26,140 வழங்குமாறும், விபத்து நடந்த ஒரு மாதத்திலிருந்து 12 சதவீத வட்டி சேர்க்குமாறும் உத்தரவிட்டார். காப்பீட்டு நிறுவனம் மும்பை உயர்நீதிமன்றத்தை அணுகியது. விபத்து ஆலைக்குள் நடக்கவில்லை, எனவே அது பணியின்போது நேர்ந்ததாகாது என்று 2011 டிசம்பரில் அந்த உத்தரவு ரத்து செய்யப்பட்டது. பின்னர் வழக்கு தில்லிக்கு வந்தது. நீதிபதிகள் மனோஜ் மிஸ்ரா, கே.வி.விஸ்வநாதன் ஆகியோர் கொண்ட அமர்வு ஆணையரின் உத்தரவை மீட்டுக் கொடுத்தது. வேலைக்குச் செல்லும் வழியில் நேரும் விபத்தும், நேரம், இடம், சூழ்நிலை ஆகியவற்றுக்கும் வேலைக்கும் தொடர்பிருந்தால், பணி விபத்தாகவே கொள்ளப்படும் என்று அமர்வு விளக்கியது. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தில் 2010ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட பிரிவு ஒன்று இதற்கு வழிகாட்டியது.

சட்டம் தெரிந்தோர் இத்தீர்ப்பை வரவேற்றதில் வியப்பில்லை. ஆயினும் வேறொரு கணக்கும் உண்டு. 22 ஆண்டுகளுக்கான தனிவட்டி மட்டுமே அசலின் இரண்டரை மடங்கைத் தாண்டுகிறது. தந்தை இறந்தபோது பள்ளிக்குச் செல்லும் வயதில் இருந்த எந்தக் குழந்தைக்கும் இந்தத் தொகை பள்ளிக் கட்டணமாகப் பயன்பட்டிருக்காது.

தவறு யாருடையது என்ற கேள்வி இல்லை

விரைவு ஒன்றுக்காகவே பிறந்த சட்டம் இது. 1923ஆம் ஆண்டு மார்ச் மாதம் இயற்றப்பட்டு, 1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், இந்தியாவின் முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் என்றே கருதப்படுகிறது. இன்று தில்லி சட்டப்பேரவை இயங்கும் பழைய தலைமைச் செயலகக் கட்டடத்தில்தான் அன்றைய மத்திய சட்டசபை கூடிவந்தது. தொழிலாளர் சார்பில் நியமன உறுப்பினராக அங்கு அமர்ந்திருந்தவர் என்.எம்.ஜோஷி.

அதற்கு முன், ஆலையில் கை துண்டிக்கப்பட்ட ஒருவர் இழப்பீடு கோர வேண்டுமானால் உரிமையியல் நீதிமன்றத்துக்குச் சென்று, முதலாளியின் கவனக்குறைவை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. உடன் வேலை செய்தவரின் தவறால் விபத்து நேர்ந்தது என்று முதலாளி சொல்லிவிட்டால் வழக்கு பெரும்பாலும் அத்துடன் முடிந்தது. 1923 சட்டம் இந்தச் சுமையை அகற்றியது. தவறு யாருடையது என்ற கேள்வியே வேண்டாம். வேலையின் காரணமாக, வேலையின்போது காயம் நேர்ந்ததா என்பது மட்டுமே போதும் என்றது. குடிபோதை, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியது போன்ற காரணங்களைச் சொல்லி முதலாளி சிறு காயங்களுக்குப் பொறுப்பை மறுக்கலாம். மரணமோ நிரந்தர முழு ஊனமோ நேர்ந்துவிட்டால் அந்த வாதமும் செல்லாது.

காலத்தைப் பற்றியும் சட்டம் தெளிவாகவே பேசியது. இழப்பீடு உரியதாகும் நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் தரப்பட வேண்டும். தவறினால் 12 சதவீத வட்டி. தக்க காரணமின்றித் தாமதித்தால் தொகையில் பாதி வரை அபராதம். 2009ஆம் ஆண்டு திருத்தத்தின் வழியே சட்டத்தின் பெயர் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் என மாறியபோது, ஆணையர் மூன்று மாதங்களில் வழக்கை முடிக்க வேண்டும் என்ற விதியும் சேர்ந்தது. சிகிச்சைச் செலவு முழுவதையும் முதலாளி ஏற்க வேண்டும் என்பதும் அப்போது வந்ததே.

இழப்பீடு எந்த நாளில் உரியதாகிறது? முதலாளிகள் நீண்டகாலம் இக்கேள்வியில் ஒளிந்துகொண்டனர். ஆணையர் தீர்ப்பளித்த நாள்தான் அது என்பது அவர்களது வாதம். ஒரிசா மாநிலத்தில், கட்டப்பட்டுக்கொண்டிருந்த திரையரங்கில் அலங்கார வேலை செய்த தச்சர் ஒருவர் 1968ஆம் ஆண்டு விழுந்து இடக்கையை இழந்தார். அவரது வழக்கில் 1975ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத்தின் நான்கு நீதிபதிகள் அமர்வு இரண்டு விஷயங்களைத் தீர்த்து வைத்தது. ஒன்று, விபத்து நடந்த நாளிலேயே இழப்பீடு உரியதாகிவிடுகிறது. மற்றொன்று, ஒரு கையால் தச்சுவேலை செய்ய இயலாது. எனவே அட்டவணை என்ன சதவீதம் சொன்னாலும் அந்தத் தச்சருக்கு அது முழு ஊனமே. அரை நூற்றாண்டு கடந்தும் இழப்பீட்டு வழக்குகளில் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு இது.

கணக்கும் உச்சவரம்பும்

சட்டத்தின் முதல் அட்டவணையைப் படிப்பவர்களுக்குச் சற்று நடுக்கம் ஏற்படக்கூடும். பெருவிரல் முழுவதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு. சுட்டுவிரலுக்கு 14, நடுவிரலுக்கு 12, மோதிர விரலுக்கோ சுண்டுவிரலுக்கோ 7. மற்றது நன்றாக இருக்க ஒரு கண் போனால் 40. இரு கைகளும் போனால் 100. உடலை இப்படித் துண்டுதுண்டாக விலை போடுவது கொடுமையாகத் தோன்றினாலும், இவ்வளவு என்று முன்கூட்டியே எழுதிவைத்திருப்பதால்தான் தொழிலாளி பேரம் பேச வேண்டியதில்லை.

கணக்கு எளிது. மரணம் என்றால் மாத ஊதியத்தில் பாதி. நிரந்தர முழு ஊனம் என்றால் 60 சதவீதம். இதை வயதுக்கேற்ற காரணியால் பெருக்க வேண்டும். 20 வயதுக்குக் காரணி 224. 30 வயதுக்கு 207.98; 40 வயதுக்கு 184.17. 65 வயதிலும் அதற்கு மேலும் 99.37.

சிக்கல் ஊதியம் என்ற சொல்லில் இருக்கிறது. உண்மையில் பெறும் ஊதியம் எதுவானாலும், அரசு அறிவிக்கும் உச்சவரம்புக்கு மேற்பட்ட பகுதி கணக்கில் சேராது. 2010 மே மாத இறுதியில் இந்த வரம்பு ரூ.4,000இலிருந்து ரூ.8,000 ஆயிற்று. பின்னர் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் அசையவில்லை. 2020 ஜனவரி 3ஆம் தேதிதான் ரூ.15,000 ஆக உயர்ந்தது. இதற்கிடையில் 2017 மார்ச் மாதமே தில்லி அரசு திறன்சாராத் தொழிலாளியின் குறைந்தபட்ச மாத ஊதியத்தை ரூ.13,350 என அறிவித்திருந்தது. அதாவது, சட்டப்படி தரவேண்டிய மிகக் குறைந்த ஊதியத்தைக்கூட இழப்பீட்டுச் சட்டம் ஊதியமாக ஏற்கவில்லை. 2024 அக்டோபரில் அதே குறைந்தபட்ச ஊதியம் ரூ.18,066 ஆனபோது ரூ.15,000 வரம்பும் பின்தங்கிவிட்டது.

முப்பது வயதுத் தொழிலாளி ஒருவர் ரூ.18,000 ஊதியத்தில் இருந்து இறந்தால், ரூ.15,000 வரம்பின்படி குடும்பத்துக்குக் கிடைப்பது ரூ.15,59,850. பழைய ரூ.8,000 வரம்பில் அதே மரணத்துக்கு ரூ.8,31,920. இடையில் ஏழேகால் லட்ச ரூபாய். எந்த வரம்பு பொருந்தும் என்பது விபத்து நடந்த தேதியைப் பொறுத்தது. பின்னால் வந்த உயர்வை முன்தேதியிட்டுக் கோர முடியாது என்று தமிழகத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2020 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் கூறிவிட்டது.

தில்லி அனாஜ் மண்டியில் 2019 டிசம்பர் 8ஆம் தேதி விடியற்காலை தீ விபத்து நடந்தது. வேலை செய்த கட்டடத்திலேயே உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உள்பட 43 பேர் இறந்தனர். வரம்பு உயர்ந்தது அதிலிருந்து நான்கு வாரங்களுக்குள். அந்த 43 குடும்பங்களில் எது இழப்பீட்டு ஆணையரை நாடியிருந்தாலும், கணக்கு ரூ.8,000லிருந்துதான் தொடங்கியிருக்கும். பத்து ஆண்டுகள் ஒரு கோப்பு நகராமல் இருந்ததற்கான விலையை இவர்களைப் போன்றோரே செலுத்த நேர்ந்தது.

யாரிடம் வேலை செய்தாய்?

தொகை குறைவு என்பது இழப்பீடு பெறும் தகுதியை மெய்ப்பித்தவர்களின் குறை. பெரும்பாலோர் அதற்கு முந்தைய படியிலேயே நின்றுவிடுகின்றனர். முதலாளியின் தவறை மெய்ப்பிக்க வேண்டியதில்லை என்று சொன்ன சட்டம், இவர் என் முதலாளி என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பைத் தொழிலாளியிடமே விட்டுவைத்தது. 1923இல் அது பெரிய சுமையாகத் தோன்றியிருக்காது. அன்றைய பஞ்சாலைக்கும் ரயில்வேக்கும் பதிவேடு இருந்தது. ஒப்பந்ததாரர், அவருக்குக் கீழ் துணை ஒப்பந்ததாரர், அவருக்கும் கீழ் ஊரிலிருந்து ஆள் அழைத்து வருபவர் என்று அடுக்கடுக்காக நிற்கும் இன்றைய வேலைத்தலத்தில் அதுவே மலையாகிவிட்டது.

தலைநகரை ஒட்டிய ஹரியாணாவின் குருகிராம், மானேசர், ஃபரீதாபாத் தொழிற்பேட்டைகள் இதற்குக் கண்கூடான எடுத்துக்காட்டு. நாட்டின் பெரிய கார், மோட்டார் சைக்கிள் நிறுவனங்களுக்கு உதிரி பாகம் தயாரிக்கும் சிறு ஆலைகள் அங்கு ஏராளம். தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ் இயந்திரத்தில் விரல்கள் போவது அங்கு அன்றாட நிகழ்ச்சி. காயமடைவோர் பெரும்பாலும் உத்தரப் பிரதேசம், பிகார் போன்ற மாநிலங்களிலிருந்து வந்த இளைஞர்கள். அப்பகுதியில் செயல்படும் 'சேஃப் இன் இந்தியா ஃபவுண்டேஷன்' என்ற தன்னார்வ அமைப்பு 2019 முதல் ஆண்டுதோறும் இதுபற்றி அறிக்கை வெளியிட்டு வருகிறது. அந்த அமைப்பை நாடிய காயமடைந்தோரில் பெரும்பாலோருக்குத் தொழிலாளர் அரசுக் காப்பீட்டு அட்டை, வேலையில் சேர்ந்தபோது கிடைக்கவில்லை, விபத்துக்குப் பிறகுதான் கிடைத்தது என்று அவ்வறிக்கைகள் கூறுகின்றன.

ஈஎஸ்ஐ எனப்படும் இந்தக் காப்பீடு, இழப்பீட்டுச் சட்டத்தைவிடப் பல வகைகளில் மேலானது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1952 பிப்ரவரி 24இல் கான்பூரிலும் தில்லியிலும் தொடங்கப்பட்ட திட்டம் இது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில், 2017 முதல் ரூ.21,000 வரை ஊதியம் பெறுவோருக்குப் பொருந்தி வந்தது. முதலாளி 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் சந்தா கட்டுகின்றனர். பணியில் காயமடைந்தவருக்கு, குணமாகும் வரை ஊதியத்தில் 90 சதவீதம் கிடைக்கும். நிரந்தர ஊனம் என்றால் இழப்பு விகிதத்துக்கு ஏற்ப ஆயுள் முழுவதும் மாதத் தொகை உண்டு. ரூ.15,000 ஊதியத்தில் இருந்து பெருவிரலை இழந்தவருக்கு அது மாதம் ரூ.4,000 அளவில் அமையும். முதலாளி ஓடிப்போனாலும், ஆலை மூடப்பட்டாலும் கழகம் கொடுத்தாக வேண்டும். நோய்க்கான உதவி பெறத்தான் இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை. பணி விபத்துக்கு அது இல்லை. வேலையில் சேர்ந்த முதல் நாளே விரல் போனாலும் உரிமை உண்டு. முதலாளி சந்தாவே கட்டாமலிருந்தாலும் தொழிலாளிக்குக் கொடுத்துவிட்டு, அவரிடம் வசூலிக்கக் கழகத்துக்கு அதிகாரம் இருக்கிறது.

இந்த ஏற்பாடு காகிதத்தில் உள்ளபடி நடந்தால் குறைசொல்ல இடமில்லை. பதிவு இணையத்தில் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது என்பதே இங்கு வினையாக முடிகிறது. முன்பே பதிவு செய்தால் சந்தா கட்ட வேண்டும்; விபத்து நடந்த பிறகு பதிவு செய்தால் போதும் என்று சில ஆலைகள் கணக்குப் போடுகின்றன. மூன்று ஆண்டுகள் உழைத்தவர், ஏட்டில் விபத்தன்று வேலைக்குச் சேர்ந்தவராகிறார். கழக அலுவலகம் ஐயம் எழுப்புகிறது. விபத்து அறிக்கையில் முதலாளி என்ன எழுதுகிறார் என்பதும் முக்கியம். அறையில் வழுக்கி விழுந்தார் என்று ஒரு வரி எழுதப்பட்டுவிட்டால் அதை மாற்ற மாதக்கணக்கில் அலைய நேரிடுகிறது.

ஈஎஸ்ஐ பொருந்தும் தொழிலாளி இழப்பீட்டு ஆணையரிடம் போக முடியாது. இதையும் ஆயுதமாக்குவதுண்டு. ஆணையர் முன் நிற்கும்போது இவருக்கு ஈஎஸ்ஐ பொருந்தும் என்பார்கள். ஈஎஸ்ஐ அலுவலகத்தில் இவர் எங்கள் ஆளே அல்ல, ஒப்பந்ததாரரின் ஆள் என்பார்கள். உண்மையில் ஒப்பந்ததாரர் வைத்த ஆளுக்கும் மூல நிறுவனமே இழப்பீடு தர வேண்டும், பின்னர் ஒப்பந்ததாரரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்பது 1923 சட்டத்தின் 12ஆவது பிரிவு. கட்டுமானத் தொழிலாளர்களில் எத்தனை பேருக்கு இப்பிரிவு தெரியும் என்பது வேறு விஷயம்.

மற்றொன்று, வெள்ளைத்தாள் கையெழுத்து. இறந்தவரின் உறவினர்கள் ஊரிலிருந்து வந்து இறங்குகின்றனர். உடலைக் கொண்டுபோக வண்டி வேண்டும், கையில் பணமில்லை. ஐம்பதாயிரமோ ஒரு லட்சமோ கையில் கொடுத்து, இனிக் கோரிக்கை எதுவும் இல்லை என்று எழுதி வாங்கப்படுகிறது. இத்தகைய ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. உரிமையை விட்டுக்கொடுக்கத் தொழிலாளியே சம்மதித்தாலும் செல்லாது என்று 17ஆவது பிரிவு கூறியது. மரண வழக்கில் பணம் ஆணையரிடம் கட்டப்பட வேண்டும். குடும்பத்திடம் நேரடியாகத் தந்த தொகை இழப்பீடாகக் கணக்கில் வராது. மூன்று மாத ஊதியத்துக்குச் சமமான முன்பணம் மட்டுமே விதிவிலக்கு. அந்தக் காகிதத்தில் கையெழுத்திட்ட பெண்ணுக்கு இதை எடுத்துச் சொல்லும் பொறுப்பு எந்த அலுவலகத்துக்கும் இருந்ததில்லை. 1995ஆம் ஆண்டு திருத்தத்துக்குப் பிறகு தில்லியில் நடந்த விபத்துக்கு அவர் தமது சொந்த மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம் என்பதையும் யாரும் சொல்வதில்லை. இரண்டு ஆண்டுக் கெடு மட்டும் தவறாமல் ஓடிக்கொண்டிருந்தது.

கருணைத்தொகை

பெரிய விபத்து என்றால் காட்சி மாறுகிறது. அனாஜ் மண்டி தீ விபத்துக்குத் தில்லி அரசு தலா ரூ.10 லட்சம் அறிவித்தது. பிரதமரின் நிவாரண நிதியிலிருந்தும் பிகார் அரசிடமிருந்தும் தலா ரூ.2 லட்சம் அறிவிக்கப்பட்டது. பவானா பட்டாசுக் கிடங்கில் 2018 ஜனவரியில் 17 பேரும், முண்ட்காவில் 2022 மே மாதம் 27 பேரும் கருகி இறந்தபோதும் உதவித்தொகைகள் உடனுக்குடன் அறிவிக்கப்பட்டன. விருதுநகர் மாவட்டப் பட்டாசு ஆலைச் செய்திகளைப் படித்துப் பழகிய தமிழக வாசகர்களுக்கு இந்த வரிசை புதிதன்று.

இது மக்களின் வரிப்பணத்திலிருந்து தரப்படும் உதவி. கொடுப்பது தவறில்லை. ஆனால் இது முதலாளி சட்டப்படி தரவேண்டிய இழப்பீட்டுக்கு மாற்று ஆகாது. அதிலிருந்து கழிக்கப்படவும் கூடாது. நடைமுறையில் முதல்வர் கையால் காசோலை வாங்கிய குடும்பம், எல்லாம் கிடைத்துவிட்டது என்று எண்ணிக்கொண்டு ஊர் திரும்புகிறது. செய்தியாளர்களும் அத்துடன் கோப்பை மூடிவிடுகின்றனர். ஒரே ஒருவர் இறக்கும் விபத்துக்கோ, விரல் மட்டும் போகும் விபத்துக்கோ இந்தக் காசோலையும் வருவதில்லை. நாட்டில் பெரும்பாலான பணி விபத்துகள் அப்படிப்பட்டவை.

விபத்து ஒரு நொடியில் நடப்பதால் அதற்குச் சாட்சியாவது உண்டு. நோய்க்கு அதுவும் இல்லை. குஜராத்தின் கோத்ரா பகுதியில் இருந்த கல்மாவு ஆலைகளுக்கு மத்தியப் பிரதேசத்தின் அலிராஜ்பூர், ஜாபுவா, தார் மாவட்டங்களிலிருந்து பழங்குடியினர் வேலைக்குச் சென்றனர். படிகக்கல்லை அரைக்கும்போது எழும் தூசி நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் என்ற தீராத நோயாகிறது. தொழில்சார் நோய்களின் அட்டவணையில் அது இடம்பெற்றே இருக்கிறது. ஆயினும் நோயின் கடுமை தெரிவதற்குள் அவர்கள் ஊர் திரும்பியிருந்தனர். கையில் ஊதியச் சீட்டு இல்லை. ஆலை ஏட்டில் பெயரும் இல்லை. இறுதியில் தேசிய மனித உரிமை ஆணையம் தலையிட்டு, இறந்த 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா ரூ.3 லட்சம் தர 2010ஆம் ஆண்டு பரிந்துரைத்தது. அதைக் கொடுக்குமாறு குஜராத் அரசுக்கு உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது 2016 மே மாதம். பணம் கொடுக்க வேண்டியவர் ஆலை முதலாளி. கொடுத்தது மாநில அரசு.

நாடாளுமன்றம் செய்ததும் விட்டதும்

தொழிலாளர் இழப்பீடு அரசியல் சட்டத்தின் பொதுப் பட்டியலில் இருக்கிறது. எனவே நாடாளுமன்றத்தில் கேள்வி எழும்போதெல்லாம், நடைமுறைப்படுத்துவது மாநிலங்களின் பொறுப்பு என்ற பதில் தயாராக இருக்கும். இழப்பீடு பற்றிய ஆண்டு விவரங்களைத் தொகுக்கும் மத்தியத் தொழிலாளர் பணியகத்துக்குப் பல மாநிலங்கள் விவரமே அனுப்புவதில்லை. விபத்துப் புள்ளிவிவரம் திரட்டும் மற்றோர் அமைப்பு, பதிவு பெற்ற தொழிற்சாலைகளை மட்டுமே எண்ணுகிறது. எத்தனை பேருக்கு இழப்பீடு உரியது, எத்தனை பேருக்குக் கிடைத்தது என்ற கேள்விக்கு நாடாளுமன்ற நூலகத்தில் விடை இல்லை.

2016 ஆகஸ்டில் அன்றைய தொழிலாளர் அமைச்சர் பண்டாரு தத்தாத்ரேயா கொண்டுவந்த திருத்தம் 2017இல் சட்டமாயிற்று. வேலைக்குச் சேர்க்கும்போதே இழப்பீட்டு உரிமையை ஊழியருக்கு அவர் அறிந்த மொழியில் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும்; தவறினால் ரூ.50,000 முதல் ரூ.1 லட்சம் வரை அபராதம் என்றது அது. நெடுங்காலம் ரூ.300 என்றே கிடந்த மேல்முறையீட்டு வரம்பும் ரூ.10,000 ஆயிற்று. நல்ல திருத்தங்கள்தாம். ஆனால் பணிநியமனக் கடிதமே தராதவர் உரிமைக் கடிதம் மட்டும் தருவார் என்று அவையில் யார் நம்பினார்களோ தெரியவில்லை.

பெரிய மாற்றம் 2020இல் வந்தது. ஒன்பது சட்டங்களை ஒன்றாக்கிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அவ்வாண்டு செப்டம்பர் 22இல் மக்களவையிலும் மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. வேளாண் மசோதாக்களையொட்டி எட்டு மாநிலங்களவை உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டதைக் கண்டித்து எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்திருந்த நேரம் அது. கோடிக்கணக்கான தொழிலாளர்களின் கையையும் காலையும் பற்றிய சட்டம், எதிர்ப்பக்க இருக்கைகள் காலியாக இருந்த அவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. ஆளும் தரப்புக்கு அது வசதியாக இருந்திருக்கலாம். பேச வேண்டிய நாளில் வெளியே நின்றவர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

ஐந்து ஆண்டுகள் கிடப்பில் இருந்த அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. 1923 சட்டமும் ஈஎஸ்ஐ சட்டமும் அதற்குள் சென்றுவிட்டன. வேலைக்கு வரும் வழியிலும் வீடு திரும்பும் வழியிலும் நேரும் விபத்து வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. உஸ்மானாபாத் குடும்பம் 22 ஆண்டுகள் போராடிய கேள்வி இனி எழாது. ஆபத்தான தொழில் என்று அரசு அறிவித்தால், ஒரே ஒரு தொழிலாளி உள்ள இடத்துக்கும் ஈஎஸ்ஐ நீளும். உடன் வந்த பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, ஊழியர் ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் கட்டாயம் என்கிறது. விபத்து வழக்கில் விதிக்கும் அபராதத்தில் குறைந்தது பாதியைப் பாதிக்கப்பட்டவருக்கே தருமாறு நீதிமன்றம் உத்தரவிடவும் அதில் இடமுண்டு. நியமனக் கடிதம் உண்மையிலேயே கைக்கு வந்துசேர்ந்தால், இக்கட்டுரையில் சொன்ன தொல்லைகளில் பாதி தீர்ந்துவிடும்.

மறுபக்கமும் இருக்கிறது. அதே பணிப் பாதுகாப்புத் தொகுப்பு, மின்விசை பயன்படுத்தும் இடத்தில் 20 பேர் இருந்தால்தான் தொழிற்சாலை என்கிறது. முன்பு பத்துப் பேர் போதும். ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் 50 பேரோ அதற்கு மேலோ வைத்திருப்பவருக்கே பொருந்தும். பவர் பிரஸ் இயந்திரங்கள் ஓடும் சிறு பட்டறைகள் எந்தப் பக்கம் விழும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இருசக்கர வாகனத்தில் உணவும் மளிகையும் கொண்டுவரும் இளைஞர்களுக்குத் தொகுப்பு முதல்முறையாகச் சட்டத்தில் இடம் தந்தது. நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை நிதிக்குச் செலுத்த வேண்டும் என்றது. எனினும் அவர்களை ஊழியர் என்று அழைக்கவில்லை. ஊழியர் இழப்பீட்டு அத்தியாயம் அவர்களுக்கு இல்லை. அவர்களுக்குரியது, அரசு வகுக்கும் திட்டத்தில் கிடைக்கும் விபத்துக் காப்பீடு மட்டுமே.

எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் குறையைப் புதிய தொகுப்பும் தொடவில்லை. ஈஎஸ்ஐ எல்லைக்கு வெளியே இருப்பவருக்கு இழப்பீடு தரவேண்டியவர் தனியொரு முதலாளி. அவரிடம் பணம் இருந்தால், அவர் காப்பீடு எடுத்திருந்தால், அவர் ஊரில் இருந்தால் கிடைக்கும். காப்பீடு எடுத்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் 1923 சட்டத்தில் இருந்ததில்லை. நீதிபதி கஜேந்திரகட்கர் தலைமையிலான முதல் தேசியத் தொழிலாளர் ஆணையம் 1969ஆம் ஆண்டே இதற்கு வழி சொன்னது. முதலாளிகள் அனைவரும் ஊதியத் தொகையில் ஒரு சதவீதக் கணக்கில் மாதந்தோறும் பொது நிதி ஒன்றுக்குச் செலுத்த வேண்டும். காயமடைந்தவருக்கு அந்த நிதியிலிருந்து கொடுக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரை. ரவீந்திர வர்மா தலைமையிலான இரண்டாவது ஆணையமும் 2002இல் தனியொரு முதலாளியின் பொறுப்பைச் சமூகக் காப்பீடாக மாற்றுமாறு கூறியது. இரு அறிக்கைகளையும் அரசுகள் பெற்றுக்கொண்டன.

எனவே ஆணையரின் உத்தரவு கையில் கிடைத்த பிறகும் வேலை முடிவதில்லை. முதலாளி கொடுக்காவிட்டால் தொகையை நிலவரி பாக்கியைப் போல வசூலிக்கச் சான்றிதழ் வழங்கப்படும். அது மாவட்ட ஆட்சியருக்குப் போய், அங்கிருந்து வட்டாட்சியரின் மேசைக்கு வரும். பட்டறை வாடகைக் கட்டடத்தில் இருந்தது, இயந்திரங்கள் கடனில் வாங்கியவை, உரிமையாளர் இப்போது எங்கிருக்கிறார் என்று தெரியவில்லை என்ற குறிப்புடன் அது திரும்பி வருவதும் உண்டு.